தொப்பி இல்லாத சுவிட்ச்

"நான்தான் மேடம் செஞ்சேன். அப்படியே எழுதிக்குங்க."

துப்பறியும் ஆபீசுக்குப் படியேறி வருகிறவர்கள் முதலில் 'நான் இல்லை' என்பார்கள், அடுத்த மூச்சில் 'அவன்தான்' என்பார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் போட்டோஸ்டாட் கடைக்கு மேலே போர்டு மாட்டிய ஒன்பது வருஷத்தில் ரோகிணி கேட்ட முதல் 'நான்தான்' இது. அதுவும் உட்காரச் சொல்வதற்கு முன்பே.

"இன்னிக்கு நல்ல நாள் பாஸ்," என்றார் ஹமீது, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே. "கேஸும் இவரே, குத்தவாளியும் இவரே. நமக்கு வேலையே இல்ல. சாப்பிடப் போயிடலாம்."

ஷாஹுல் ஹமீது ரோகிணியின் உதவியாளர். வயது ஐம்பத்தெட்டு, அவளைவிடப் பதினெட்டு அதிகம். முப்பது வருஷம் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். லோரி லைசென்ஸை ஒழுங்காகப் புதுப்பித்தாரே தவிர, வாய்க்கு லைசென்ஸ் எடுத்ததே இல்லை. இந்தக் கேஸைக் கொண்டுவந்ததும் அவர்தான். பண்டமாரானில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு மாரியாயியுடையது. எதிரே நிற்பவன் மாரியாயியின் தம்பி திருச்செல்வம்.

"உட்காருங்க. உங்க அக்கா நேத்து போன்ல வேற மாதிரி சொன்னாங்களே," என்றாள் ரோகிணி. "தம்பி செஞ்சிருக்க மாட்டான், என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிங்கன்னாங்க."

"அக்கா பாசத்துல சொல்லுது மேடம். மிஷினப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

நாற்பத்து நாலு வயதிருக்கும். நகக்கண்ணில் கருப்பு எண்ணெய் ஏறிய மெக்கானிக் கைகள். அக்காவும் தம்பியும் பண்டமாரானில் ஒரே மசாலாத் தூள் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவள் கலவை மிஷினில், அவன் எல்லா மிஷினுக்கும் ரிப்பேரில். போன வெள்ளிக்கிழமை காலை கலவை மிஷின் மாரியாயியின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டுவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அந்த மிஷினுக்கு ஒரு மூடி. மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச், சுவிட்சின் தலையில் ஒரு பட்டன். மூடி மேலே அழுத்தும்போது பட்டன் உள்ளே போகும், மிஷின் ஓடும். மூடியைத் தூக்கினால் பட்டன் துள்ளி எழும், மிஷின் நின்றுவிடும். ஒட்டிய தூளைச் சுரண்டிவிட ஒரு கையால் மூடியைத் தூக்கி, அதே வேகத்தில் மறு கையை உள்ளே விடுவது மாரியாயியின் பத்து வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமை பட்டன் எழவில்லை. மூடி திறந்தது மிஷினுக்குத் தெரியவே இல்லை.

"அந்த சுவிட்ச்ச வாங்கிப் போட்டது நான்," என்றான் திருச்செல்வம். "நாலு மாசத்துக்கு முன்னாடி. ஓரி சாமான், அசல் கம்பெனியோடது, வெளிநாட்டுலேர்ந்து வர ஆறு வாரம் ஆகும்னாங்க. லைன் நிக்கக் கூடாதுன்னு மேனேஜர் கத்தினாரு. கிள்ளான்ல மலிவு சாமான் ஒண்ணு வாங்கி மாட்டினேன். என் சாமான்தான் எங்கக்கா வெரல சாப்பிட்டுச்சு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஏதோ கையெழுத்து போடப் போறீங்களாமே?"

"ஷா ஆலம் ஹெட் ஆபீஸ்ல. நாளைக்கு கவர்மெண்டு இன்ஸ்பெக்ஷன் வருது. போலி சாமான என் சொந்த முடிவுல வாங்கி மாட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டா, மேனேஜர் ராஜன் போலீசுக்குப் போக மாட்டாரு. அக்கா வைத்தியத்தையும் கம்பெனி பார்த்துக்கும்."

"கையெழுத்து போட்டீங்கன்னா இந்தக் கிள்ளான் வட்டாரத்துல ஒரு கம்பெனியும் உங்களை மிஷின் பக்கம் விடாது. அதோட விசாரணை வந்தா அந்தக் காகிதமே உங்களை உள்ள வைக்கும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

தெரிந்தவன் குரல் கொஞ்சமாவது நடுங்க வேண்டும். இவன் குரல் சம்பளத் தேதி சொல்வதுபோல் இருந்தது. ரோகிணிக்கு அது பிடிக்கவில்லை. பழைய இன்சூரன்ஸ் கம்பெனி வேலையில் அவள் பார்த்த பொய்களில் பாதி இப்படிப்பட்ட அமைதியான குரலில்தான் வந்தன.

"சுவிட்ச் எங்கே?"

அவன் சட்டைப் பையைத் தொட்டான். "ராஜன் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. காகிதத்தோட சேர்த்து வைக்கணுமாம்."

"அஞ்சு மணிக்கு நானே கொண்டுவந்து தரேன்."

கைக்குட்டையில் சுற்றிய சுவிட்சை மேஜைமேல் வைத்தவன் கையை எடுக்கவில்லை. ரோகிணி மெதுவாக இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்பு டப்பா. அதன் பட்டன் இன்னும் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. ரோகிணி அதை மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் வாசம்.

"துடைச்சீங்களா?"

"எண்ணெய்ப் பிசுக்கு. கழட்டினா துடைக்கிறது பழக்கம் மேடம்."

மசாலாக் கம்பெனியில் நாலு மாதம் கிடந்த சாமான் நகைக்கடை ஷோகேஸிலிருந்து எடுத்ததுபோல் பளபளத்தது. ரோகிணி அதைக் கைப்பையில் போட்டாள்.

---

கிள்ளான் மேரு ரோட்டில், திருச்செல்வம் சுவிட்ச் வாங்கிய தம்புசாமி கடைக்குள் நுழைய வேண்டுமானால் பக்கவாட்டாக நடக்க வேண்டும். பெல்ட்டும் பேரிங்கும் மோட்டாரும் கூரைவரை அடுக்கியிருந்தன. கல்லாவில் தம்புசாமி, அறுபது வயதுக்கு மேல், இரண்டு மூக்குக்கண்ணாடிகளை ஒரே கயிற்றில் மாட்டியிருந்தார்.

"மூடி சுவிட்ச்தானே? இருக்கு. ஓரி வேணுமா, ஓரி மாதிரி வேணுமா, ஓரின்னு சொன்னா போதுமா?"

"மூணாவது எவ்ளோ அண்ணே?" என்றார் ஹமீது. "எங்க வீட்டுல எனக்குப் பதிலா ஒண்ணு வெக்கணும்."

தம்புசாமி சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று நீலப் பெட்டி, மேலே வாயில் நுழையாத ஐரோப்பியப் பெயர், விலை அறுநூறு மலேசிய வெள்ளி. மற்றது பெயரே இல்லாத பழுப்பு அட்டைப் பெட்டி, தொண்ணூறு வெள்ளி.

"பழுப்புப் பெட்டி எங்கேர்ந்து வருது?"

"எல்லாரும் சைனான்னு நெனச்சுக்கிறாங்க. நானும் மறுக்கிறதில்ல."

ரோகிணி இரண்டு சுவிட்சுகளையும் வெளியே எடுத்தாள். கைப்பையிலிருந்ததையும் எடுத்தாள். மூன்றையும் கல்லாமேல் குப்புறக் கவிழ்த்தாள். தம்புசாமியின் இரண்டாவது மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஹமீதும் குனிந்தார்.

"என்ன பாஸ், ஜாதகம் பார்க்கிறீங்களா?"

"பிறந்த இடம் பார்க்கிறேன். இந்த மூலையப் பாருங்க. பாதி அரிசி அளவுக்கு ஒரு மேடு இருக்கா? இப்ப இதுல. இப்ப இதுல."

மூன்றிலும் இருந்தது. அதே மூலையில், அதே சாய்வில். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் அச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தால், அந்த அச்சில் வார்த்த ஒவ்வொன்றிலும் அது மேடாகத்தான் வரும். வேறு நாட்டில் வேறு அச்சில் வார்த்த சாமானுக்கு அதே இடத்தில் அதே மேடு வர வழியே இல்லை.

"ஆலாமா! அறுநூறு வெள்ளியும் தொண்ணூறு வெள்ளியும் ஒரே வயித்துப் பிள்ளைங்களா?"

தம்புசாமி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு நல்லா இருக்கும்மா ஒனக்கு. ரெண்டும் தெலுக் பங்லிமா காராங்லதான் செய்யிறாங்க. இங்கேர்ந்து அர மணி நேரம். நீலப் பெட்டி அங்கேர்ந்து கப்பல்ல போயி, பேரு வெச்சுக்கிட்டு, திரும்பக் கப்பல்ல வருது. அதான் ஆறு வாரம். வெளிய சொல்லாத லா, அப்புறம் ஓரி யாரும் வாங்க மாட்டான்."

ஆக, 'போலி சாமான்' என்று ராஜன் எழுதி வைத்திருக்கும் காகிதத்தில் முதல் வார்த்தையே பொய். ரோகிணி நீலப் பெட்டியை மறுபடியும் பார்த்தாள். உள்ளே ஒரு கருப்பு ரப்பர் குமிழ் கிடந்தது.

"இது என்ன?"

"தொப்பி. பட்டன் மேல மாட்டுறது. தூசி தண்ணி உள்ள போகாது. பழுப்புப் பெட்டியில வராது, தனியா எட்டு வெள்ளி."

"திருச்செல்வம் வாங்கலையா?"

"அவனா? கேட்டானே!" தம்புசாமி போனைத் துழாவினார். ராஜனும் திருச்செல்வமும் அவரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப், நாலு மாதத்துக்கு முந்தையது. திருச்செல்வம் கையால் எழுதிய சீட்டின் படம்: சுவிட்ச் ஒன்று, ரப்பர் தொப்பி ஒன்று. அதற்குக் கீழே ராஜனுடைய நம்பரிலிருந்து ஒரு வரி: சுவிட்ச் மட்டும் போதும், தொப்பி வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் திருச்செல்வம் மறுபடி கேட்டிருக்கிறான். ராஜன் மறுபடி வேண்டாம் என்றிருக்கிறார்.

காருக்குத் திரும்பும்போது ஹமீது விரலைச் சொடுக்கினார். "முடிஞ்சது பாஸ். எட்டு வெள்ளி தொப்பிக்குக் கஞ்சத்தனம் பண்ணினவன் மாட்டினான். பட்டன் இடுக்குல மஞ்சத்தூள் போயிருக்கும், சிக்கியிருக்கும். மணி ஒண்ணு. இப்பவாச்சும் சாப்பிடலாமா?"

"ராஜனோட வக்கீல் ஒரே கேள்வி கேப்பான் அண்ணே. தொப்பி இல்லாத சுவிட்ச் ஊர்ல ஆயிரம் ஓடுது. இது மட்டும் ஏன் சிக்குச்சு?"

"உங்களுக்கும் பசிக்காது, அடுத்தவனுக்கும் பசிக்கக் கூடாது," என்று முணுமுணுத்துக்கொண்டே ஹமீது வண்டியைத் தெற்கே திருப்பினார்.

---

தெலுக் பங்லிமா காராங்கில் அந்தத் தொழிற்சாலைக்கு வாசலில் பெயர்கூடப் பெரிதாக இல்லை. தரப் பரிசோதனைக்குப் பொறுப்பான மலர்விழி வரவேற்பறைக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது, நீல மேலங்கி, தலைமுடிக்கு வலை. ரோகிணி ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். மலர்விழியின் முகம் சுருங்கிப்போனது.

"எங்க சாமான் ஒருத்தர் விரலை எடுத்துச்சுன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க. பாஸ் வெளிய போயிருக்காரு, வந்தா திட்டுவாரு. பரவாயில்ல, உள்ள வாங்க."

நீண்ட மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து சுவிட்சுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜை முடியும் இடத்தில் ஒருத்தி நீலப் பெட்டியில் போட்டாள், பக்கத்திலிருப்பவள் பழுப்பில் போட்டாள். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதே ஸ்பிரிங், அதே பட்டன், அதே பொண்ணுங்க," என்றாள் மலர்விழி. "நீலத்துல தொப்பி போகும், பேரு போகும். அவ்வளவுதான்."

சின்ன ஸ்குரூடிரைவரால் அவள் சுவிட்சைப் பிரித்தாள். ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அழுத்தினாள். அது துள்ளியது. பட்டன் குச்சியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பட்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவே மஞ்சளாக ஏதோ சிமெண்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது.

"நான் சொன்னேன்ல? மஞ்சத்தூள்!" என்றார் ஹமீது.

மலர்விழி இல்லை என்று தலையாட்டினாள். "காஞ்ச தூளப் போட்டு நாங்களே டெஸ்ட் பண்றோம் அங்கிள். ஒவ்வொரு அமுக்குக்கும் கொட்டிடும், நிக்காது. இது ஈரமா உள்ள போயி, அப்புறம் காஞ்சிருக்கு. ஒரு தடவை இல்ல. பாருங்க, அடுக்கு அடுக்கா இருக்கு."

ரோகிணி ஓர் ஊசி முனையால் அந்த மஞ்சளில் துளி சுரண்டி வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். வெளி ஓரத்திலிருந்து கொஞ்சம், உள்ளேயிருந்து கொஞ்சம். பிறகு கையை நீட்டினாள்.

"அண்ணே, சுண்ணாம்பு."

"என்கிட்டயா கேக்குறீங்க?"

"உங்க வெத்தல டப்பாவ குடுங்க."

"இருவத்தஞ்சு வருஷமா என் பொண்டாட்டி இத தூக்கிப் போடச் சொல்றா. நல்ல வேளை, அவ பேச்ச கேக்கல."

மஞ்சள்மேல் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். வீட்டில் ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். ரோகிணி ஈரச் சுண்ணாம்பை இரண்டு துளிகளின் மேலும் தொட்டு வைத்தாள். வெளி ஓரத்துத் தூள் சட்டென்று சிவந்தது. அது மிஷினின் மசாலா. உள்ளிருந்து எடுத்தது சிவக்கவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது மஞ்சளாகவே இருந்தது.

மசாலாக் கம்பெனியில் எல்லாமே மஞ்சள்தான். அதனால்தான் இந்த மஞ்சளை யாருமே ஏன் என்று கேட்கவில்லை. ரோகிணி மிச்சத் துளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரலால் குழைத்து முகர்ந்தாள். முகம் மாறியது. விரலை ஹமீதிடம் நீட்டினாள்.

ஹமீது முகர்ந்தார். "சந்தனம். பூசைக்கு விப்பாங்களே, அந்தப் பொட்டலம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "லோரியில சரக்கு ஏத்துற பசங்க என் வண்டி நெத்தியிலயும் வெப்பாங்க. வெள்ளிக்கெழமையானா."

"நாலு மாசம். பதினாறு வெள்ளிக்கிழமை," என்றாள் ரோகிணி.

சாமி கும்பிட்ட ஈரச் சந்தனத்தை யாரோ அந்தப் பட்டன்மேல் பொட்டாக வைத்திருக்கிறார்கள். மூடி இறங்கி அதை உள்ளே அழுத்தியிருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு பொட்டு. தொப்பி மாட்டியிருந்தால் ரப்பர்மேலேயே நின்றிருக்கும். மலர்விழிக்கு விஷயம் புரிந்தபோது அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

---

ஷா ஆலம் போகும் வழி முழுவதும் ஜாம். ஹமீது வெற்றிலை டப்பாவைத் திறக்கவே இல்லை. அதுவே ரோகிணிக்குக் கஷ்டமாக இருந்தது.

"யாரு வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க பாஸ்?"

"அந்த மிஷின்ல நிக்கிறது யாரு?"

ஹமீது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். அடுத்த வீட்டு மாரியாயி வெள்ளிக்கிழமை விடியலில் தலைகுளித்து, ஈரக் கூந்தலில் துண்டு சுற்றி, எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனம் குழைப்பது அவர் பல தடவை பார்த்ததுதான்.

"சந்தனத்த விட்டுடுவோம்," என்றார். "தொப்பி வாங்கல, தூசி போச்சு, சிக்கிருச்சு. அவ்வளவு எழுதினா போதாதா? ராஜனும் மாட்டுவான், தம்பியும் வெளிய வந்துடுவான். அந்தப் பொம்பளைக்கு இத எதுக்கு சொல்லணும்?"

"எனக்கும் ஆசைதான் அண்ணே. ஆனா நாளைக்கு இன்ஸ்பெக்டர் பிரிச்சா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிப்பான். அப்ப யாரோ மூணாவது மனுஷன் ஆபீஸ்ல வெச்சு அவங்ககிட்ட சொல்லுவான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னொரு விஷயம் இருக்கு. அத அவரு ஏன் துடைச்சாருன்னு."

மணி நாலே முக்கால். ஹெட் ஆபீஸ் கார் பார்க்கில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் திருச்செல்வம் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. அவர்களைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

"சுவிட்ச் மேடம். மேல கூப்பிடுறாங்க."

"சாமான் நல்ல சாமான் செல்வம். நீலப் பெட்டியும் பழுப்புப் பெட்டியும் ஒரே இடத்துல செய்றது. தொப்பிய நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க, ராஜன் ரெண்டு தடவையும் வேணாம்னாரு. தம்புசாமி போன்ல எல்லாம் இருக்கு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"தொப்பி இல்லாம மாட்டினது நான்தானே மேடம்?"

"அது மட்டுமா?" ரோகிணி கிட்டே போனாள். "தப்பு என் மேலன்னு சொல்ற மனுஷன் சாமான அப்படியே கொண்டுவந்து குடுப்பான். மண்ணெண்ணெய் போட்டு துடைச்சுக் குடுக்க மாட்டான். வெள்ளிக்கிழமை கழட்டினப்ப அது மேல என்ன இருந்துச்சு?"

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"சந்தனம் இருந்துச்சு," என்றாள் ரோகிணி.

திருச்செல்வம் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான். காலையில் சம்பளத் தேதி சொன்ன குரல் இப்போது உடைந்து நொறுங்கியது. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மேடம். கால்ல விழுறேன். எல்லா மிஷினுக்கும் நடுவுல ஒரு பொட்டு வெக்கும். நான் மாட்டின சாமானுக்கு மட்டும் தனியா ஒண்ணு வெக்கும். என் தம்பி போட்டது யாரையும் கடிக்கக் கூடாதுன்னு சாமிகிட்ட சொல்லிட்டு வெக்கும். கழட்டினதுமே பார்த்துட்டேன். ஆஸ்பத்திரி வண்டி சத்தம் போட்டுட்டு வாசல்ல நிக்குது, நான் டாய்லெட்ல உக்காந்து துடைச்சுட்டு இருந்தேன்."

ஹமீது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெரல் போனத எங்கக்கா தாங்கிக்கும். தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா தாங்காது. நான் கையெழுத்து போட்டுட்டா யாரும் அதப் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. என் மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

ரோகிணிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ராஜன்மேல் வந்தது. எட்டு வெள்ளி ரப்பரை மறுத்த ஓர் ஆள் மேலே குளிர்சாதன அறையில் பேனாவைத் தயாராக வைத்திருக்கிறார். இங்கே ஒருவன் வேலையையும் பெயரையும் கொடுத்துத் தன் அக்காவின் பொட்டை அழித்துக்கொண்டிருக்கிறான். என்ன சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் கைப்பையில் போன் அடித்தது.

மாரியாயி.

திருச்செல்வம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ரோகிணி எடுத்தாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"அஞ்சு மணியாவப் போவுதும்மா. என்ன ஆச்சு?"

"உங்க தம்பி மேல தப்பில்லக்கா. சுவிட்ச்சும் நல்ல சுவிட்ச்தான்."

"உள்ள மஞ்சளா எதாச்சும் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு." ரோகிணி கண்ணை மூடிக்கொண்டாள். "மஞ்சள் தூள் இல்லக்கா."

"அப்ப என் சந்தனந்தான்."

மாரியாயியின் குரல் நிதானமாக வந்தது. "அன்னிக்குக் காலையில பொட்டு வெக்கிறப்பவே பட்டனு கெட்டியா இருந்துச்சும்மா. எதாச்சும் ஒட்டியிருக்கும்னு நெனச்சு அது மேலயே வெச்சேன். ஆஸ்பத்திரியில நாலு நாளும் அந்த ஞாபகந்தான். இவன்கிட்ட கேட்டா செத்தாலும் ஆமான்னு சொல்ல மாட்டான். மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, எதையோ முழுங்கிட்டு நிக்கிறான். அதான் ஹமீது அண்ணன்கிட்ட சொல்லி ஒங்களப் புடிச்சேன். பக்கத்துல இருக்கானா?"

ரோகிணி போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. ஹமீதுதான் அவன் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"செல்வம். கையெழுத்து போட்டியா?"

"இல்லக்கா."

"போடாத."

"போட்டுட்டா உன் பேரு எங்கயும் வராதுக்கா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா." அவள் மூச்சு ஒரு தடவை இடறியது. "போன வெரலு போச்சு. அதுக்குப் பதிலா ஒன்னக் குடுத்துட்டு நான் ஒக்காந்திருக்கவா?"

ரோகிணி சுவிட்சையும் சுண்ணாம்பு தொட்ட வெள்ளைக் காகிதத்தையும் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். தம்புசாமி அனுப்பிய படங்கள் முன்பே போனுக்கு வந்திருந்தன. நாளைக்கு இன்ஸ்பெக்டர் கையில் எல்லாவற்றையும் கொடுக்கப் போகிறாள், சந்தனத்தையும் சேர்த்து. அதற்கு முன்னால் மேலே போய் ராஜனை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. லிஃப்ட் பக்கம் திரும்பியவள், பின்னால் மாரியாயியின் குரல் கேட்டு நின்றாள்.

"செல்வம், வீட்டுக்கு வாடா. அஞ்சு நாளா இடது கையில கரண்டி புடிச்சுத் தின்னுட்டு இருக்கேன். சாப்பிட்ட மாதிரியே இல்ல. வந்து சோத்தப் பெசஞ்சு ஒரு வாய் ஊட்டிட்டுப் போ."

திருச்செல்வம் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் இருந்த எண்ணெயைச் சட்டை ஓரத்தில், அந்த வெள்ளைச் சட்டையில், அழுத்தி அழுத்தித் துடைத்தான்.

"என்ன கொழம்புக்கா?" என்று கேட்டான். பதில் வருவதற்குள் போனை ஹமீதிடம் தந்துவிட்டுக் காரின் கூரைமேல் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தான்.

ஹமீது போனைக் காதில் வைத்தார். "தங்கச்சி, நான்தான். ரோட்டுல ஜாமா இருக்கு. கொஞ்சம் நேரமாகும், பசியோட இரு. நான் கூட்டிட்டு வரேன்."